கேக்கில் விழுந்த சொட்டு

சொட்டு சரியாக ரோஜாவின் நடுவில் விழுந்தது.

அது செடியில் பூத்த ரோஜா இல்லை. ஜோவிதாவின் அம்மா குளோரியா, காலையிலிருந்து குனிந்து நின்று, ஐசிங்கால் இதழ் இதழாகச் செய்த ரோஜா. ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குப் போகவேண்டிய வெள்ளைக் கேக்கின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. சொட்டு விழுந்ததும் ஓர் இதழ் கரைந்து, கீழே தொங்கியது.

"அம்மா, கேக் நம்மளப் பாத்து நாக்க நீட்டுது" என்றாள் ஜோவிதா.

அம்மா சிரிக்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். சமையலறை மூலையில், குளியலறைச் சுவரை ஒட்டி, ஈரம் பெரிய தோசை அளவுக்குப் படர்ந்திருந்தது. அதன் நுனியில் அடுத்த சொட்டு விழுவதற்குத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு விடமாட்டேன்" என்று சொல்லி, ஐசிங் ஒட்டிய கையோடு அம்மா வெளியே போனார். ஜோவிதாவும் பின்னாலேயே ஓடினாள்.

பெங்களூர் நீலசந்திராவில், ஹவுசிங் போர்டு கட்டிய பழைய குடியிருப்பு அது. ஜோவிதாவின் வீடு முதல் மாடியில் இருந்தது. அதற்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், திருப்பத்தூரிலிருந்து ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. மங்களம் ஆன்ட்டி, ரகுராம் அங்கிள், அவர்களுடைய மகள் சிந்து. வந்த சில நாட்களிலேயே ரகுராம் அங்கிள் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இப்போது மாவுக்கட்டோடு வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறார்.

"மங்களம்! கொஞ்சம் வெளிய வாங்க!" மாடிப்படியில் நின்று அம்மா கூப்பிட்டார்.

கதவு பாதி திறந்தது. மங்களம் ஆன்ட்டியின் முகமும் பாதிதான் தெரிந்தது.

"என்னக்கா?"

"என்னவா? உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டு கேக்குல விழுது!"

"எங்க வீட்டுல எங்கயும் ஒழுகலையே. உங்க பைப்பா இருக்கும்."

"என் பைப் என் தலைக்கு மேலயா ஓடுது? தண்ணி கீழ இருந்து மேல ஏறி, மறுபடியும் கீழ விழுமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பிளம்பர அனுப்பறேன். உள்ள விடுங்க. பாத்துட்டுப் போகட்டும்."

"வேணாங்க. வீட்டுல அவருக்கு முடியல. எங்களத் தொந்தரவு பண்ணாதீங்க."

கதவு மூடிக்கொண்டது.

தரைத்தள வீட்டு ஷில்பா ஆன்ட்டி, கையில் கரண்டியோடு வெளியே வந்து மேலே எட்டிப் பார்த்தார். "ஏன் கலாட்டா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அம்மாவுக்கு நிறைய இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேக்கில் இன்னும் இரண்டு இதழ்கள் கரைந்துபோயின.

அன்றைக்கு அப்பா தியோடர் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும், அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

"பாவம் குளோரியா, அந்த மனுஷன் கால்ல கட்டோட இருக்காரு" என்றார் அப்பா.

"கட்டு கால்லதான? பைப்லயா?"

அப்பா தேநீரைக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், பிளம்பர் மதலைமுத்துவை அம்மா கூட்டிவந்தார். அவர் ஸ்டூலின் மேல் ஏறி, ஈரமான இடத்தைக் கரண்டிக் காம்பால் தட்டினார். ஒரு துண்டுச் சுண்ணாம்பு பெயர்ந்து அப்பாவின் தேநீரில் விழுந்தது.

"மேடம், இத மேல போயித்தான் பாக்கணும். கீழ இருந்து பாத்தா எனக்குச் சுண்ணாம்புதான் தெரியும்" என்றார்.

"எனக்கும் அதான் தெரியுது" என்று அப்பா தம்ளருக்குள் பார்த்தபடி சொன்னார்.

மேல் வீட்டுக் கதவு அன்றும் திறக்கவில்லை. அம்மா வேறு வழியில்லாமல், கேக் செய்யும் மேசைக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்துக் கட்டினார். வீட்டுக்குள் குடைபிடித்து கேக் செய்கிறவர் பெங்களூரிலேயே தான் ஒருத்தி மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். கேக் வேலை அவருக்கு உயிர். ஒரு கேக்கில் அழுக்குத் தண்ணீர் விழுந்தது என்று வெளியே தெரிந்தால், அப்புறம் யார் வாங்குவார்கள்?

அதனால்தான் அந்தக் கட்டளையும் வந்தது.

"ஜோவிதா, இனிமே அந்த வீட்டுப் பொண்ணோட பேச வேணாம்."

"அம்மா! சிந்து என் கிளாஸ். என் பெஞ்ச்லதான் உக்காருறா. பேசாம எப்படிம்மா?"

அம்மா யோசித்தார். "பாடத்தப் பத்தி மட்டும் பேசு."

அடுத்த நாள் பள்ளியில் சிந்துவும் அதே கட்டளையோடு வந்திருந்தாள். மங்களம் ஆன்ட்டியும் அச்சு அசலாக அதையே சொல்லியிருந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஜோவிதா மெதுவாகச் சொன்னாள். "கணக்குப் பாடம். உன் டப்பால என்ன?"

"அறிவியல் பாடம். லெமன் ரைஸ்" என்றாள் சிந்து.

"சமூகப் பாடம். எனக்குக் கொஞ்சம் தர்றியா?"

சிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் பாடத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஜோவிதா சொன்ன பாடம் சிரிப்பதாக இல்லை.

"கன்னடப் பாடம்" என்று ஆரம்பித்தாள். "எங்க அம்மா திங்கக்கிழம போர்டு ஆபீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க."

சிந்துவின் கையிலிருந்த பென்சில் நின்றது.

"ஐயோ, வேணாம்னு சொல்லு ஜோவி. நாங்க வாடகைக்கு இருக்கோம். புகார் அது இதுன்னு போச்சுன்னா வீட்டுக்காரர் எங்களக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. அப்பாவால இப்ப நடக்கக்கூட முடியாது. நான் மறுபடியும் வேற ஸ்கூல் போகணும்."

சிந்து பாடத்தின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

ஜோவிதாவுக்கு அம்மாவின் குடை நினைவுக்கு வந்தது. மாவுக்கட்டு போட்ட ரகுராம் அங்கிள் சாமான்களோடு படியிறங்குவதும் நினைவுக்கு வந்தது. யார் பக்கம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சிந்து, அது நெஜமாவே உங்க வீட்டுத் தண்ணிதானான்னு யாருக்குமே தெரியாது. தெரியாமலே ரெண்டு பேரும் சண்ட போடறாங்க. நாம கண்டுபிடிச்சா என்ன?"

"எப்படி?"

"எங்க அம்மாகிட்ட கேக் கலர் இருக்கு. ரெண்டு துளி ஊத்துனா ஒரு வாளித் தண்ணியும் கலராயிடும். நீ மேல ஊத்து. நான் கீழ பாக்கறேன். கலர் வந்தா உங்க தண்ணி. வரலன்னா வேற எங்கயோ இருந்து வருது."

சிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தண்ணி இல்லன்னு தெரிஞ்சா, உங்க அம்மா சாரி சொல்லுவாங்களா?"

ஜோவிதா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "சொல்ல மாட்டாங்க. ஆனா கேக் குடுப்பாங்க. எங்க வீட்டுல அதான் சாரி."

சனிக்கிழமை மதியம் அம்மா ஒரு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அல்சூருக்குக் கிளம்பினார். அப்பா சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மங்களம் ஆன்ட்டியும் காய்கறி வாங்கப் பையோடு போவதை ஜோவிதா ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

உடனே நீலக் கலர் பாட்டிலையும் சிவப்புக் கலர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சிந்து கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே ரகுராம் அங்கிள் காதில் ஹெட்போன் மாட்டி, யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கிச்சன் தொட்டில நீலம். அப்புறம் பாத்ரூம்ல செவப்பு. ஊத்துனதும் தரையத் தட்டு" என்று கிசுகிசுத்துவிட்டு ஜோவிதா கீழே வந்தாள்.

குடையை மடக்கினாள். மேசைமேல் ஒரு வெள்ளைத் தட்டை வைத்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

டம், டம் என்று மேலே சத்தம் கேட்டது. நீலம் ஊற்றியாகிவிட்டது.

சொட்டு. வெறும் தண்ணீர்.

இன்னொரு சொட்டு. அதுவும் வெறும் தண்ணீர்.

வெகுநேரம் கழித்து மறுபடியும் டம், டம். இது சிவப்பு. ஜோவிதாவின் கழுத்து வலித்தது. 'இவங்க தண்ணியா இருக்கக் கூடாது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா தூக்கத்தில் புரண்டு படுத்தார். வெளியே ஒரு ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, யாரும் வாங்காமல் போனது.

பிறகு தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

அது ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்று கத்த வாயைத் திறந்த ஜோவிதா, அப்படியே மூடிக்கொண்டாள். கண்டுபிடித்த சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. மாடியிலிருந்து ஓடிவந்த சிந்து சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளும் தட்டைப் பார்த்துவிட்டாள்.

"எங்க பாத்ரூம்தான்" என்றாள் சிந்து. குரல் மிகவும் சின்னதாக வந்தது. "தண்ணி போற ஓட்டை பக்கத்துல ரெண்டு டைல்ஸ் ஆடுது. நான் அந்த மூலைலதான் ஊத்தினேன். ஜோவி, அம்மாவுக்கு இது தெரியும்னு நெனக்கிறேன்."

"தெரியுமா? அப்புறம் ஏன் இல்லன்னு சொன்னாங்க?"

"போன வாரம் அம்மா போன்ல ஒரு பிளம்பர்கிட்ட பேசினாங்க. டைல்ஸ ஒடச்சி, புதுசா சிமெண்ட் போட்டு, தண்ணி கசியாம மருந்து பூசணுமாம். அது நல்லாக் காயற வரைக்கும் பாத்ரூம்ல ஒரு துளி தண்ணி படக் கூடாதாம். ஒரு வாரம் ஆகுமாம். எங்க வீட்டுல ஒரே பாத்ரூம்தான். டாய்லெட் தனியா இருக்கு, ஆனா அதுல குளிக்க எடமில்ல. அப்பாவ நாற்காலில உக்கார வெச்சித்தான் அம்மா தண்ணி ஊத்தறாங்க. இந்த ஊர்ல எங்களுக்கு யாரயும் தெரியாது. நாங்க எங்க போயி குளிக்கறது?"

இத்தனை நாள் சண்டையில் பைப்பைப் பற்றிப் பேசினார்கள், கேக்கைப் பற்றிப் பேசினார்கள். குளிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவே இல்லை.

"உங்க அம்மாகிட்ட சொல்லிடுவியா?" என்று சிந்து கேட்டாள்.

ஜோவிதா தட்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் போய் நின்றது.

"சொல்லித்தான் ஆகணும் சிந்து" என்றாள். "ஆனா இதோட நிறுத்த மாட்டேன். இன்னொண்ணும் சொல்லப் போறேன்."

அது என்ன என்று சிந்து கேட்பதற்குள் அம்மா வந்துவிட்டார். மடக்கியிருந்த குடையைப் பார்த்தார். மேசையிலிருந்த கலர் பாட்டில்களைப் பார்த்தார். தட்டில் இன்னொரு ரோஸ் நிறச் சொட்டு விழுவதையும் பார்த்தார்.

"என்னடி இது?"

ஜோவிதா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது.

"நான் சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா? ஏங்க, எழுந்திரிங்க! சொட்டு ரோஸ் கலர்ல விழுது!"

"நல்ல கலர்தான்" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா தட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். பின்னால் ஜோவிதா. அவளுக்குப் பின்னால் சிந்து.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க."

"எதுக்கு?"

"டைல்ஸ ஒடச்சா ஒரு வாரம் பாத்ரூம்ல தண்ணி ஊத்தக் கூடாதாம். அவங்களுக்கு வேற பாத்ரூம் இல்ல. அங்கிளுக்குக் கால்ல கட்டு வேற. அவங்க எங்கம்மா குளிப்பாங்க?"

"அது அவங்க பாடு" என்றார் அம்மா. ஆனால் அடுத்த படியில் வைக்கப்போன கால் கொஞ்சம் தாமதித்துத்தான் போனது.

அந்த நேரம் பார்த்து மங்களம் ஆன்ட்டி காய்கறிப் பையோடு கீழேயிருந்து ஏறி வந்தார். படிக்கட்டு நடுவில் எல்லோரும் சந்தித்துக்கொண்டார்கள். மங்களம் ஆன்ட்டி தட்டைப் பார்த்தார். சிந்துவின் சிவப்பு விரல்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையிலிருந்த பை மெல்லச் சாய்ந்து, ஒரு தக்காளி படி படியாகக் குதித்து இறங்கியது.

அம்மா பேச வாயெடுத்தார். அதற்குள் ஜோவிதா முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்து குளிங்க!"

அம்மா ஜோவிதாவைத் திரும்பிப் பார்த்தார். 'வீட்டுக்கு வா, உன்னக் கவனிச்சுக்கறேன்' என்கிற பார்வை அது. ஜோவிதா அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"சிமெண்ட் காயற வரைக்கும்தான்" என்று கொஞ்சம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

மங்களம் ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்க்கா" என்றார். "அந்த மூலைலதான் கசியுது. தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன். அவரு கட்டுப் பிரிக்கற வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்னு பாத்தேன். குளிக்க எடமில்லன்னு மாடிப்படில நின்னு எப்படிக்கா கத்திச் சொல்றது? வெக்கமா இருந்துச்சி."

அம்மா கையிலிருந்த தட்டைப் பார்த்தார். இவ்வளவு நேரம் பெரிய பரிசுக் கோப்பை மாதிரி ஏந்தி வந்த தட்டை, இப்போது முந்தானைக்குப் பின்னால் இறக்கிக்கொண்டார்.

"எங்க ஹீட்டர்ல ஒரு பக்கெட்தான் சூடாகும்" என்றார் அம்மா. "ஒருத்தர் குளிச்சா, அடுத்த ஆளு கொஞ்ச நேரம் காத்திருக்கணும்."

அம்மா 'சரி' என்று சொல்லிவிட்டார் என்பது மங்களம் ஆன்ட்டிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் அழ ஆரம்பித்தார்.

"அட, அழாதீங்க. நானும் கொஞ்சம் அதிகமாத்தான் கத்திட்டேன்."

"கொஞ்சமா?" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. அப்பா எழுந்து, கையில் அந்தத் தக்காளியோடு நின்றிருந்தார்.

போர்டு ஆபீசுக்கு யாரும் போகவில்லை. ரகுராம் அங்கிள் வீட்டுக்காரரிடம் போனில் பேசினார். அவரும் பழுது பார்க்கச் சம்மதித்தார். திங்கட்கிழமை காலையில் மதலைமுத்து சுத்தியும் உளியுமாக வந்து, ஆடிய டைல்ஸ் இரண்டையும், கூடவே ஆடாத டைல்ஸ் சிலவற்றையும் உடைத்துப்போட்டார்.

இனி ரகுராம் அங்கிளைக் கீழே கொண்டுவர வேண்டும்.

அவர் நன்றாக வளர்ந்தவர். மாவுக்கட்டு நனையாமல் இருக்க, காலில் பெரிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவரை ஒரு நீல நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மதலைமுத்துவும் பின்னால் அப்பாவும் தூக்கினார்கள். தோளில் துண்டும் மடியில் சோப்பு டப்பாவுமாக, அங்கிள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வழி விடுங்க! வழி விடுங்க!" என்று சிந்து முன்னால் இறங்கினாள்.

"வேளாங்கண்ணித் தேர் மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.

"எங்க ஊர்ல சாமியும் இப்படித்தான் வரும்" என்றார் மங்களம் ஆன்ட்டி. "ஆனா சாமி மடில சோப்பு டப்பா இருக்காது."

"சிரிக்க வைக்காதீங்க, கை நழுவுது!" என்று அப்பா அலறினார்.

"ஐயோ, நழுவ விடாதீங்க சார்!" என்று அங்கிள் அதைவிடப் பலமாக அலறினார்.

குளிக்கும்போது ரகுராம் அங்கிள் பாடுவார் என்பது கீழ் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெந்நீர் தோளில் பட்டதுமே அவர் ஆரம்பித்துவிட்டார். குரலில் உற்சாகம் இருந்தது, ராகம் இல்லை. கேக்கின் ஓரத்துக்கு அலை அலையாக ஐசிங் வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை, ஒவ்வொரு உச்சஸ்தாயிக்கும் ஒரு குதி குதித்தது.

"தெனமும் இப்படித்தானா?" என்று அம்மா கேட்டார்.

"இன்னைக்குக் கூச்சத்துல மெதுவாப் பாடறாருக்கா" என்றார், உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மங்களம் ஆன்ட்டி.

முதல் நாள் மங்களம் ஆன்ட்டி, தன் முறை வரும்வரை, வாளியைப் பிடித்துக்கொண்டு சமையலறை ஓரத்திலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசைக்கு மேல் விரித்திருந்த குடையை அவர் அப்போதுதான் பார்த்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கூரையில் இருந்த பழுப்புக் கறையையும், குடையில் காய்ந்திருந்த தண்ணீர்த் தடங்களையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தெனம் இதுக்குக் கீழயா நின்னு வேல செஞ்சீங்க?"

"வேற எடமில்லையே" என்றார் அம்மா.

அடுத்த நாள் மங்களம் ஆன்ட்டி, சொல்லாமலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாள் ஐசிங் பையை வாங்கி, தானே ஒரு ரோஜா செய்து பார்த்தார்.

ஜோவிதாவும் சிந்துவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, இது முட்டைக்கோஸ்தான?" என்றாள் ஜோவிதா.

"அம்மா, பச்சைக் கலர் போட்டா சரியா இருக்கும்" என்றாள் சிந்து.

"ரெண்டு பேரும் போயி பாடம் படிங்க" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுவதும் இரு வீட்டுத் துண்டுகளும் ஒரே கொடியில் காய்ந்தன. சிந்து குளித்துவிட்டு, ஜோவிதாவின் கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டாள். மேல் வீட்டு இட்லியும் கீழ் வீட்டு கேக் துண்டுகளும் படிக்கட்டில் ஏறி இறங்கின. நாற்காலி தூக்கித் தூக்கி அப்பாவுக்குத் தோள் வலி வந்தது. அதற்கு ரகுராம் அங்கிளே தன்னிடமிருந்த தைலத்தைக் கொடுத்தார்.

சிமெண்ட் காய்ந்தது. சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது.

கீழ் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். ஷில்பா ஆன்ட்டிகூட வந்துவிட்டார்.

"ஊத்தறேன்!" என்று மாடியிலிருந்து மதலைமுத்து கத்தினார். ஒரு வாளி. இன்னொரு வாளி. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று குடைக்குக் கீழே நகர்ந்து நின்றார்.

ஜோவிதாவும் சிந்துவும் கைகளைக் கோத்துக்கொண்டார்கள்.

கூரையில் பழைய கறை மட்டும் இருந்தது. சொட்டு வரவில்லை. எல்லோருக்கும் கழுத்து வலிக்கும்வரை காத்திருந்து பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை.

அம்மா மேசைமேல் ஏறி, கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு குடையை அவிழ்த்து மடக்கினார். மங்களம் ஆன்ட்டி கீழேயிருந்து கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வீடு விசித்திரமாக இருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் குளியலறையில் பாடவில்லை. அம்மா ஒரு கேக்குக்கு முழு ஓரமும் கை குதிக்காமல் அலை வைத்து முடித்தார். முடித்துவிட்டு, ஏதோ தொலைத்தவர்போலச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்ததும் பழக்கத்தில் அவர் ஹீட்டரைப் போட்டிருந்தார். உள்ளே ஒரு வாளி வெந்நீர் ஆவி பறக்க நின்றது.

அம்மா நேராக வெளியே போனார். மாடிப்படியில் நின்று, முழுத் தொண்டையில் கூப்பிட்டார்.

"மங்களம்! கொஞ்சம் வெளிய வாங்க!"

ஷில்பா ஆன்ட்டி கரண்டியோடு ஓடிவந்தார். "மறுபடியும் கலாட்டாவா?"

மேலே கதவு முழுதாகத் திறந்தது. "என்னக்கா, ஒழுகுதா?" மங்களம் ஆன்ட்டியின் குரல் பதறியது.

"ஒழுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெந்நீர் ஆறிடப் போகுது! யாராவது துண்ட எடுத்துட்டு வாங்க!"

சிந்து துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

"ஆன்ட்டி, எங்க பாத்ரூம்தான் சரியாயிடுச்சே!"

"தெரியும்டி. அதுக்காகக் காச்சின தண்ணிய வீணாக்கறதா? போ, போய் மொதல்ல குளி."

அப்போது மேல் வீட்டுக்குள்ளிருந்து ரகுராம் அங்கிளின் குரல் ஆசையோடு கேட்டது.

"அக்கா, அப்ப நானும் வரலாமா?"

அம்மா சிரித்தபடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்க மாடிக்கு ஏறினார்.